மனிதனால் ஆகுமா?

"மனிதனால் ஆகிற காரியமா ஸார் இது?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எழுத்து வாசனை இல்லாதவர்கள் கேட்டால் மன்னித்துவிடலாம். கேட்பவர்கள் பட்டம் பெற்றவர்கள். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மகனோ மகளோ சீமையில் இருக்கும் புண்ணியத்தால் ஒரு தடவையாவது போய் வந்தவர்கள். ஸ்டோன்ஹெஞ்சுக்கு முன்னால் கம்பளிக் குல்லாயுடன் நின்று எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டுவார்கள். கல்லின் உயரம் என்ன, எடை என்ன என்றெல்லாம் ஒப்பிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து இறங்கியவர்களைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இல்லாததை இருப்பதாகச் சொல்வதே என் தொழிலாக இருக்க, பிறர் கற்பனையைக் குற்றம் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நான் என்ன பொய் எழுதினாலும், ஒருவனுடைய உழைப்பைப் பிடுங்கி இன்னொருவன் கணக்கில் வரவு வைப்பதில்லை. இந்த மேதாவிகள் செய்கிறது அதைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என்னிடம் இப்படிக் கேட்டவர்களில் ஒருவர் திருவாரூர்க்காரர். சிறு பிராயத்தில் வடம் பிடித்தவர். அந்த ஊர் ஆழித்தேர் அலங்காரமெல்லாம் முடிந்து கிளம்பும்போது சுமார் 300 டன் இருக்கும் என்கிறார்கள். இப்போது பின்னாலிருந்து தள்ள இயந்திரம் வந்திருக்கிறது. சக்கரத்துக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் வந்திருக்கிறது. அதற்கு முன்னால்? கயிறும், தோளும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவனின் சாமர்த்தியமும் தவிர வேறு என்ன இருந்தது? நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்த தேரைக் கண்ணால் கண்டவர், 25 டன் கல்லை மனிதன் நகர்த்தியிருப்பானா என்று இங்கிலாந்தில் போய் நின்று மலைக்கிறார்! தேருக்குச் சக்கரம் உண்டே என்பார். உண்டு. கல்லுக்குச் சறுக்குக் கட்டை உண்டு. 2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், மரச் சறுக்கில் ஏற்றிய ஒரு டன் கல்லைப் பத்துப் பேர் இழுத்துவிடலாம் என்று செய்தே காட்டினார்கள். மிச்சம் வாய்ப்பாடு.

ஸ்டோன்ஹெஞ்சுக்கே வருகிறேன். அந்தக் கற்களின் சரித்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவற்றைப் பற்றிச் சொன்ன கதைகளின் சரித்திரம் தனிச் சுவை உடையது. 12-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர், ராட்சதர்கள் அயர்லாந்தில் நட்டிருந்த கற்களை மெர்லின் என்ற மந்திரவாதி பெயர்த்துக் கொண்டுவந்ததாக எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் இனிகோ ஜோன்ஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞர் பார்த்துவிட்டு, ரோமானியர் கோயில் என்றார். பழைய பிரிட்டானியர்கள் காட்டுமிராண்டிகள், அவர்களுக்கு இந்த வித்தை ஏது என்பது அவர் வாதம். 1663-இல் இன்னொருவர் டேனிஷ்காரர்கள் என்றார். அப்புறம் துரூயிது என்ற பூசாரிகளின் முறை வந்தது. அதெல்லாம் பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 1956-இல்கூட, அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்த ரிச்சர்ட் அட்கின்சன், கிரேக்க நாட்டு மைசீனியிலிருந்து ஒரு சிற்பி வந்திருக்கலாம் என்று எழுதினார். கரியைக் கொண்டு காலம் கணிக்கும் முறை திருந்தியபோது, மைசீனி தலையெடுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 2500 வாக்கில், பெரிய கற்களை நட்டாகிவிட்டது என்று தெரிந்தது. துரூயிதுகளைப் பற்றிய செய்தியோ அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகுதான் கிடைக்கிறது.

யார் யாரையெல்லாம் சொன்னார்கள், பாருங்கள். மந்திரவாதி, ராட்சதன், ரோமாபுரிக்காரன், கிரேக்கன். ஸாலிஸ்பரி சமவெளியில் ஆடும் பன்றியும் வளர்த்தவனைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அவன்தான் செய்தான். மானின் கொம்பைக் கடப்பாரையாக்கிக் குழி தோண்டினான். அந்தக் கொம்புகளைக் குழியிலேயே போட்டுவிட்டும் போயிருக்கிறான். கல்லைக் கல்லால் கொத்தினான். மேலே வைக்கும் குறுக்குக் கல் நழுவாமலிருக்க, நிற்கும் கல்லின் தலையில் முளை விட்டு, மேல் கல்லில் துளை குடைந்து பொருத்தினான். இது மரத்தச்சனின் வேலை. வாசற்கால் செய்யும் நம்மூர் ஆசாரி யாரைக் கூட்டிப் போய்க் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தரை சரிவு, மேல் வரிசையோ மட்டம். குறுக்குக் கற்களை வட்டத்துக்கு இசைந்தபடி லேசாக வளைத்தும் செதுக்கியிருக்கிறான். பெரிய கற்கள் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக் காட்டிலிருந்து வந்தவை என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். சின்னக் கற்கள் வேல்ஸ் நாட்டு மலைகளிலிருந்து வந்தவை. பக்கத்தில் டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில், அந்தக் காலத்து மக்கள் குடியிருந்த வீட்டுத் தரைகளும், விருந்துண்டு போட்ட பன்றி எலும்புகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. வேற்றுக் கிரகத்தார் பன்றி தின்பார்களா என்பதை நம் நண்பர்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

1968-இல் எரிக் வான் டேனிகன் என்ற ஸ்விட்சர்லாந்து ஓட்டல்காரர் வேற்றுக் கிரக தேவர்களைப் பற்றிப் புத்தகம் போட்டுப் பெரும் பணம் பண்ணினார். அவர் பெரிதும் நம்பிய சாட்சிகளில் ஒன்று, பசிபிக் கடலிலுள்ள ராபா நூயி. ஈஸ்டர் தீவு என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்தார்களே, அது. ஏறக்குறைய ஆயிரம் கற்சிலைகள். பாதி செதுக்கிய சிலைகள் மலையோடு ஒட்டியபடியே கிடக்கின்றன. செதுக்கிய கல் உளிகளும் பக்கத்திலேயே கிடைத்தன. இதற்கு மேலும் என்ன சாட்சி வேண்டும், செதுக்கியவன் எழுந்து வந்து கையெழுத்துப் போட வேண்டுமா?

போட்டும் காட்டினார்கள். 1955-56-இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் அங்கே போனபோது, தீவின் மேயர் பெட்ரோ ஆட்டான் இன்னும் பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு, கீழே சாய்ந்து கிடந்த ஒரு சிலையை நெம்புகோலால் நெம்பி, அடியில் கல்லை அடுக்கி அடுக்கி, 18 நாளில் நிமிர்த்திவிட்டார். இத்தனை காலம் இதை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றாராம்! சிலைகள் நடந்து போயின என்பது அத்தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. கேட்டவர்கள் சிரித்தார்கள். இந்த நூற்றாண்டில் நாலு டன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து, 18 பேர் கயிறு கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி இழுத்தார்கள். நடந்தது.

"இப்படி எல்லாம் செய்திருக்கலாம் என்கிறீர்கள், ஆனாலும் மர்மம் மர்மம்தானே?" என்பார்கள். மர்மம் எப்படி வந்தது என்று கேளுங்கள். 1862-இல் பெருவிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்தன. நூற்றுக்கணக்கில் ஜனங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த சிலரோடு அம்மையும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதோடு போனார்கள். தெரிந்தவனைக் கொன்றுவிட்டு, "யாருக்கும் தெரியாத மர்மம்" என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள்.

பொழுதுபோக்குக்கு ஏதோ சொன்னால் இவ்வளவு ஆத்திரமா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். தென் ஆப்பிரிக்கப் பகுதியில், சுண்ணாம்பே இல்லாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய பெரிய மதில்கள் இருக்கின்றன. சில இடங்களில் 11 மீட்டர் உயரம். கிரேட் ஸிம்பாப்வே என்று பெயர். 1871-இல் கார்ல் மவுச் என்ற ஜெர்மானியர் அங்கே போய், வாசல் உத்தரத்திலிருந்து ஒரு சிராய் எடுத்துப் பார்த்தார். தம் பென்சில் கட்டையைப் போலவே சிவப்பாக, வாசனையாக இருந்ததாம். பென்சில் தேவதாரு, ஆகவே இதுவும் தேவதாரு, தேவதாரு லெபனானில்தான் உண்டு, ஆகவே இது ஷீபா ராணியின் மாளிகை! ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு ஜனசமூகத்தின் பூர்வீகச் சொத்தைப் பிறருக்கு எழுதி வைத்த கதையை வேறு எங்கும் நான் படித்ததில்லை. மரம் உள்ளூர் மரம்.

அதோடு விட்டார்களா? ஸெஸில் ரோட்ஸின் கம்பெனி அந்த நாட்டைப் பிடித்தது. கறுப்பர்களால் இதைக் கட்டியிருக்க முடியாது என்றால்தானே பிடித்தது நியாயமாகும்? 1902-இல் பாதுகாவலராக வந்த ரிச்சர்ட் ஹால், ஆப்பிரிக்கர் குடியிருந்த அடையாளமுள்ள மண்ணடுக்குகளையெல்லாம் குப்பை என்று வாரிக் கொட்டினார். சாட்சியைக் கொட்டிவிட்டுச் சாட்சியில்லை என்றார்கள். 1905-இல் ராண்டல் மக்கைவர், கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று சொன்னார். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்ஸன் மூன்று பெண்கள் கொண்ட குழுவாகப் போய்த் தோண்டி, அதையே ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிப்படுத்தினார். அங்கிருந்த வெள்ளையர்கள் கேட்கவில்லை. 1965-க்குப் பிறகு ரொடீஷிய அரசாங்கம் உண்மையை எழுத விடாமல் நெருக்கியது. நினைவுச்சின்ன அதிகாரியான பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. 1980-இல் சுதந்திரம் பெற்றவர்கள் நாட்டுக்கு அந்த மதில்களின் பெயரையே வைத்தார்கள். அங்கே கிடைத்த கற்பறவையைக் கொடியில் ஏற்றினார்கள். பொழுதுபோக்குக்குச் சொன்ன கதைக்கு எதிராகவா கொடியேற்றினார்கள்?

இதைப் படித்துவிட்டு நம்மவரில் சிலர் குஷியாகத் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. வெள்ளைக்காரனைத் திட்டினால் இனிக்கத்தான் செய்யும். ஆனால் ராபா நூயி எழுத்தும் சிந்துவெளி எழுத்தும் ஒன்று என்று 1932-இல் ஒருவர் கிளப்பிவிட்டதைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிலைகளைத் தமிழன் செதுக்கினான் என்று மேடையில் முழங்குகிறவர்கள் நம்மிடையே இல்லையா? இரண்டுக்கும் இடையே பாதி உலகமும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் குறுக்கே கிடப்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. கைதட்டல் கிடைக்கிறது. 111 பேராகக் குறைந்து பிழைத்து வந்த ஒரு ஜனத்திடமிருந்து நாமும் ஒரு பங்கு பிடுங்கிக்கொள்வது தமிழ்ப்பற்று என்றால், அந்தப் பற்று எனக்கு வேண்டாம்.

தூரத்துத் தீவில் தமிழனைத் தேடுகிற நாம், நம் காலடியில் இருப்பவனை என்ன செய்தோம்? தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மேடும் பொட்டலுமான இடங்களில் பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த ஈமக் குழிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பாண்டு குழி என்போம். பாண்டவர் வீடு என்போம். குள்ளர் வீடு என்போம். மறையூர்ப் பக்கம் முனியறை என்கிறார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் வேறு வேலையே இல்லாமல் ஊர் ஊராகக் கல் தூக்கினார்கள் போலும்! மெர்லின் கதையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாருடையது என்று தெரியாத குழி என்றால், ஜல்லிக்கு உடைப்பவனுக்கும் கை கூசுவதில்லை.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்த மாதிரிக் குழிகளையும் அவற்றை அடுத்திருந்த குடியிருப்பையும் 1985 முதல் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலை இருந்தது. கல்மணி செய்த பட்டறை இருந்தது. துளை போடாத மணியும், பாதி துளைத்த மணியும், உடைந்து போனதால் வீசிய மணியும் கிடந்தன. குழிகளுக்குள்ளே செத்தவனோடு வைத்த மணிகளும் கிடைத்தன. பானைகளில் பெயர்களைக் கீறி வைத்திருந்தார்கள். ஆதன் என்று எழுதியிருக்கிறது. தருமன், பீமன் என்று ஒரு ஓட்டிலும் இல்லை.