தொற்று வேறு, தீட்டு வேறு

கோயம்பேட்டில் மூட்டை தூக்கிய தோழர்களை நம் ஜில்லா அதற்குள் மறந்திருக்க முடியாது. 2020-ஆம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி ஒரே நாளில் கடலூர் ஜில்லாவில் 122 பேருக்குக் கொரோனா கண்டதாகச் சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. தமிழ்நாடு முழுவதற்கும் அன்று 527. சென்னைக்கு அடுத்தபடி நாம்தான்! கண்டவர்களில் பெரும்பாலோர் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்கள். ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த காலத்தில், பட்டணத்தாருக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் வேண்டுமென்று அந்த மார்க்கெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். நெருக்கத்தில் உழைத்து நெருக்கத்தில் படுத்தவனுக்கு நோய் தொற்றாமல் வேறு யாருக்குத் தொற்றும்? மறுநாள் மார்க்கெட்டை மூடினார்கள். அதற்கு முன்பே ஏராளமானோர் லாரி ஏறி ஊர் வந்து சேர்ந்தாயிற்று.

வந்தவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது? ‘நோயைக் கொண்டு வந்தவர்கள்' என்பதுதான். நாட்டில் பல கிராமங்களில் அந்நாளில் முள்ளை வெட்டிப் பாதையில் போட்டார்கள். சென்னையில் நோயால் மாண்ட ஒரு டாக்டரின் பிணத்தைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். இதற்கிடையில் வைதீகத் தோழர்கள் சிலர், “விலகி நில் என்று வைத்தியன் இன்று சொல்வதைத்தானே நம் பெரியவர்கள் அன்றே தீட்டு என்றும் மடி என்றும் சொன்னார்கள்!” என்று மார்தட்டப் புறப்பட்டுவிட்டார்கள். நந்தனைத் தீயில் மூழ்கச் சொன்ன கதையை இன்றும் பெருமையாய்ப் பேசுகிற சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

கொரோனாக் கிருமி அக்கிரகாரமென்றும் சேரியென்றும் பார்க்கவில்லை. அதைப் பரிசோதனையில் காணலாம். அப்போது வைத்த விலக்கு 14 நாள்; நாள் கழிந்தால் விலக்கும் கழிந்தது. தீட்டுக்கு எந்தப் பரிசோதனை? எத்தனை நாள்? பிறப்பிலே ஒட்டி, சுடுகாட்டிலும் விடாமல், தனித் தனிச் சுடுகாடு கேட்கிற நோய் அது. இன்னொன்று: கொரோனாக் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை உண்டு; காலணா சவுக்காரம் அதைக் கரைத்துக் கிருமியைக் கொன்றுவிடும். தீர்த்தத்துக்கும் கோமியத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது.

தொற்றும் எல்லாம் ஒரே மாதிரியல்ல. நம் விருத்தாசலம் பக்கத்து நெல்வயல்களையே பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று ஒரு நோய். இந்தியாவில் அதை முதன்முதல் 1955-ல் வேலூர்ப் பக்கத்தில்தான் அடையாளம் கண்டார்கள். வயலில் தேங்கிய நீரில் பிறக்கும் கொசு, கொக்கு நாரையிடமும் பன்றியிடமும் கிருமியை வாங்கி, இருட்டினபின் குழந்தையைக் கடிக்கிறது. பிழைத்த குழந்தைகளிலும் பல கை கால் வழங்காமல், புத்தி மழுங்கிப் போகின்றன. ஆனால் நோயுற்ற குழந்தையைத் தொட்டால் அந்நோய் உங்களுக்கு வராது. அதைக் கடித்த கொசுவாலும் பிறருக்குப் பரவாது. மனிதனோடு அதன் பயணம் முடிகிறது. அங்கே போய்ப் பிள்ளையை ஒதுக்குவது மூடத்தனம். கொசுவலையும் தடுப்பூசியுமே வேலை. கொரோனாவிலோ சில நாள் விலகியிருப்பது அறிவு. எதில் விலகுவது, எதில் அணைப்பது என்பதைக் கிருமியின் நடத்தையை அறிந்தவன் சொல்ல வேண்டுமேயன்றிப் பஞ்சாங்கம் சொல்ல முடியாது.

நம்மவரோ 2021-ல் கோயமுத்தூரை அடுத்த இருகூரில் ‘கொரோனா தேவி'க்கே சிலை வைத்துப் பூஜை போட்டார்கள்! வைசூரிக்கு ஒரு ஆத்தாள் இருந்தாளே, அவள் கூழையும் வேப்பிலையையும் வாங்கிக்கொண்டு எத்தனை நூற்றாண்டு பிள்ளைகளைத் தின்றாள்? ஊசி வந்தது, 1975-க்குப் பிறகு இந்நாட்டில் ஒருவருக்கும் வைசூரி கிடையாது. ஆத்தாளுக்குக் கூழ் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

புது நோய்கள் இன்னும் வரும். பழந்தின்னி வௌவாலிடமிருந்து வரும் நிபா, 2018-ல் கோழிக்கோட்டில் பலரைக் கொன்றது; நோயாளியைப் பார்த்த லினி என்ற நர்ஸம்மாளும் மாண்டார். 2021-லும் 2023-லும் அங்கேயே மறுபடி தலைகாட்டிற்று. காடு அழிந்து, மிருகத்துக்கும் மனிதனுக்கும் நெருக்கம் மிகுந்தால் மிருகத்தின் கிருமி மனிதனுக்குத் தாவ வழி மிகும். கேரளத்தார் நோயாளியோடு பழகியவர்களையெல்லாம் ஒவ்வொருவராய்த் தேடிப்பிடித்துக் கண்காணித்து அதை அடக்கினார்கள். யாகம் செய்து அடக்கவில்லை.

ஆனால் ‘தனித்திரு' என்று சொல்வது மாடி வீட்டுக்காரருக்குச் சுலபம். ஒரே குடிசையில் ஏழு பேர் இருக்கிறவன் எந்த அறையில் தனித்திருப்பான்? அன்றாடம் கூலி வாங்கினால்தான் அடுப்பெரியும் என்கிறவன் காய்ச்சலைச் சொல்வானா, மறைப்பானா? 2020 ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கதவைச் சாத்தியிருக்க முடியும்? கூலி கொடுக்காமல் ஒதுக்கி வைப்பதும் ஏழைக்கு இன்னொரு தீட்டுத்தான்.

ஆகவே புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் தோழர்களை ஒன்று கேட்கிறோம். அடுத்த நோய் வரும்போது விலகியிருப்பவனுக்குச் சோறும் கூலியும், அவனுக்கு இருக்க இடமும், ஊருக்குப் பக்கத்திலேயே பரிசோதனையும் வேண்டுமென்று உங்கள் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவந்தீர்களா? கொண்டுவந்த ஊர் இருந்தால், யார் எதிர்த்தார் என்பதையும் சேர்த்து எழுதியனுப்புங்கள், வெளியிடுகிறோம்.