"போயிட்டு வர்றேன்" - ஜப்பான்காரர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்



போன வாரம் சாயங்காலம் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "சார், பையன் பத்தாவது படிக்கிறான். எந்நேரமும் ஜப்பான் பொம்மைப் படந்தான். அதில் வர்ற வசனத்தையெல்லாம் நோட்டு போட்டு எழுதி மனப்பாடம் பண்றான். நீங்க கூப்பிட்டு நல்லாக் கண்டிக்கணும்" என்றார்.

"எழுதியா வைக்கிறான்? சரி, நோட்டோட ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்பு" என்றேன். திட்டுவதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து நிம்மதியாகப் போய்விட்டார். நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் திட்டத்தான் செய்திருப்பேன். என் அக்கா பேத்தியை அப்படித் திட்டியவன்தான் நான். நர்சிங் முடித்த பிள்ளை. ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அந்த நாடு 2019 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு தனி விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் நம் அரசும் அதற்கு ஒப்பந்தம் போட்டது. வேலைத் திறனோடு மொழித் தேர்விலும் தேற வேண்டும். அவள் 'ஒன் பீஸ்', 'நருட்டோ' என்று வருடக்கணக்காகப் பார்த்தவள், காதில் ஜப்பானிய மொழி ஓடிக்கொண்டே இருந்தது. ஆன்லைனில் ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தாள்.

அங்கே ஒருநாள் ஒத்திகை நேர்காணல். தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். இவள் லூஃபி பேசுகிற தோரணையில் 'ஓரெ' என்று ஆரம்பித்துவிட்டாள். 'ஓரெ' என்றாலும் 'நான்' தான். ஆனால் ஆண்பிள்ளைகள் சேக்காளிகளிடம் பேசும்போது சொல்கிற 'நான்'. நேர்காணலில் பெண்கள் 'வதாஷி' என்பார்கள். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டு, "ரவுடிப் பையன் மாதிரிப் பேசுறே, உன்னை எந்த வயசாளி பக்கத்துல விடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். நோட்டை மூடி வைத்தவள் ஒரு மாதம் அதைத் தொடவில்லை.

அக்கா வருத்தப்பட்டதால் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஜப்பான் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியன், அவ்வளவுதான். ஆனால் பிள்ளை எங்கே இடறுகிறது என்று நோட்டைப் பார்த்தால் தெரியுமே! பாதிப் பக்கம் ஆங்கிலம். 'பார்ட்டிக்கிள்', 'ரிலேட்டிவ் கிளாஸ்', 'ட்ரை டூயிங்' என்று இருந்தது. அவள் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள்.

ஒரு வரியைக் காட்டி, "இந்த 'தபெதெ மிரு' என்னம்மா?" என்றேன்.

"ட்ரை டூ ஈட், தாத்தா."

"மிருன்னா?"

"பார்க்கிறது."

"தபெதெ?"

"சாப்பிட்டு."

"ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

"சாப்பிட்டுப் பா…" என்று நிறுத்திவிட்டாள். சாப்பிட்டுப் பார்! அப்படியே நம் அடுப்படிப் பேச்சு. அன்று ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'தபெதெ ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன். நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட வினையெச்சமும் துணைவினையும்தான். நேற்றுப் பார்த்த படம் என்பது 'கினோ மிதா ஏகா'. நேற்று, பார்த்த, படம் என்று வரிசைகூட மாறவில்லை. ஆங்கிலத்தில் இதையே சொல்லப் படத்தை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டு நேற்றைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். நமக்குப் பெயரெச்சம் போதும், அவர்களுக்கும் அது போதும். ராஜபாளையத்திலிருந்து மதுரை வரை என்பதை 'ராஜபாளையம் கரா மதுரை மதெ' என்று சொல்லிவிடலாம். வேற்றுமை உருபு மாதிரி பின்னால் ஒட்டிக்கொள்கிறது. நானும் என்பதற்கு 'வதாஷி மோ', அந்த 'மோ' நம் 'உம்'. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள்.

எனக்கு மனசு நிறைந்தது 'இத்தெ கிமாஸ்' என்பதைக் கேட்டபோதுதான். அனிமேயில் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள் வாசலில் நின்று சொல்வது. சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்'. வீட்டிலிருப்பவர்கள் 'இத்தெரஷ்ஷாய்' என்பார்கள், போயிட்டு வாங்க. நம் வீட்டில் 'போறேன்' என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் பதறுவார்கள் அல்லவா? அங்கேயும் வருவதைச் சேர்த்துச் சொல்லித்தான் வாசற்படி தாண்டுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கோ அண்ட் கம்' என்று சொன்னதற்காக நான் படிக்கும்போது வகுப்பில் ஒருவனைச் சிரித்தே அழவைத்தோம். அந்த ஆங்கிலம் வழியாக நம் பிள்ளை இதைப் படிக்கிறது! ஜப்பான் மொழி வரவில்லை என்று அவள் அழுதாள். அவளுக்கு வராதது ஆங்கில இலக்கணம். இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதைப் படித்ததும் 'தமிழிலிருந்து பிறந்ததே ஜப்பான் மொழி' என்று வாட்ஸ்அப்பில் பரப்பக் கிளம்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருடம் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதி அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும்கூட வினை கடைசியில்தான் வரும். உறவோ இல்லையோ, நம் பிள்ளைக்கு வழி சுலபமாக இருக்கிறது, அது போதாதா?

இடறுகிற இடமும் உண்டு. வந்தான், வந்தாள், வந்தார்கள் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே 'கிதா'தான். யார் வந்தது என்று வினை சொல்லாது. உச்சரிப்பில் நமக்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். குறில் நெடில் நம் பிள்ளைகளுக்குப் பழக்கம். 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி. ஒற்றும் அப்படித்தான். 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் வெட்டு. ஆனால் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் வல்லினத்தில் மாட்டிக்கொள்வோம். பல்கலைக்கழகமும் 'தைககு', படிப்பை விட்டு நிற்பதும் 'தைககு'. முதலாவதை 'தாமோதரன்' என்பதன் முதலெழுத்துப் போல மெலிந்த ஒலியில் சொல்ல வேண்டும், இரண்டாவதை 'தாத்தா'வின் முதலெழுத்துப் போல அழுத்தி. காலேஜில் சேர்ந்தேன் என்று சொல்லப்போய் நின்றுவிட்டேன் என்று ஆகிவிடும். அதனால் முதல் மாதமே ஹிராகனா 46 எழுத்தையும் பழகிவிடுங்கள்.

இப்போது அந்த 'ஓரெ' விஷயம். நேர்காணலில் சிரித்தவர் சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி. சதோஷி கின்சுய் என்ற மொழியியலாளர் 2003இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கதையில் கிழவர், வீரன், பணக்காரப் பெண் என்று ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு பேச்சு உண்டு, நிஜத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்கிறார். நருட்டோ வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுகிற 'தத்தெபயோ' அவன் ஒருவனுக்கே சொந்தம். 1998இல் 'முத்து' ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடி, அங்கே சில ரசிகர்கள் தமிழே படித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பேங்க் மேனேஜரிடம் சினிமா வசன பாணியில் "டேய்" என்றால் எப்படி இருக்கும்? 'ஓமஎ' என்பது அப்படிப்பட்ட 'நீ'. 'கிசமா' அதைவிட மோசம். ஒரு காலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்தது வசவாகிவிட்டது, நம் 'நாற்றம்' கெட்டுப்போனது மாதிரி. படுக்கையில் கிடக்கும் தொண்ணூறு வயதுப் பாட்டிக்குச் சோறூட்டும்போது இந்தச் சொல் வாயில் வந்தால் வேலை போவது இருக்கட்டும், அந்தப் பாட்டி மனசு என்ன பாடுபடும்?

அதற்காக அனிமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜப்பான் ஃபவுண்டேஷனே 2010இல் அனிமே, மாங்கா வழியாக மொழி கற்க ஓர் இணையதளம் தொடங்கியது. மார்கழியில் நம் பிள்ளைகள் திருப்பாவை முப்பதையும் பொருள் தெரியாமலேதான் முதலில் பாடின. காது முதலில், இலக்கணம் பிறகு. என் பேத்திக்கு நான் சொன்னது ஒன்றுதான்: எழுதுகிற ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் 'யார், யாரிடம், எந்த நேரத்தில்' என்று எழுது. கீழே, அதையே உன் பாட்டியிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று 'மாஸ்' விகுதி போட்டு மாற்றி எழுது. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

வருகிற டிசம்பர் முதல் ஞாயிறு அவளுக்குச் சென்னையில் என்-4 தேர்வு. அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி உண்டு. அதில் பயமில்லை என்கிறாள். காஞ்சி எழுத்துகள்தான் இன்னும் தகராறு. அனிமே பார்த்தால் அது வராது, எழுதி எழுதித்தான் வரும். சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மில் வேலை பார்க்கும் தம்பிக்கு: பையனை ஞாயிறு காலை பத்து மணிக்கு அனுப்பு. பேத்தியும் வீட்டில் இருப்பாள். நோட்டைக் கிழித்துவிடாதே. நன்னூல் வேண்டாம், எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தால் கொடுத்துவிடு. என்னுடையதைக் கரையான் தின்றுவிட்டது.