வீட்டிற்கு ஏற்ற கணிப்பொறி எது?



பள்ளி திறக்கும் ஜூன் திங்களிலும், ஓணத்திற்கு முன் போனஸ் கைக்கு வரும் நாட்களிலும் நம் சங்கத்து அன்பர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "பிள்ளைகளின் படிப்பிற்குக் கணிப்பொறி வாங்க எண்ணியுள்ளோம். மேசைக் கணினி வாங்குவதா, மடிக்கணினி வாங்குவதா, கையில் உள்ள தொலைபேசியே போதுமா?" என்பதே அவ்வினா. கொழிஞ்சாம்பாறையில் உள்ளோரும் கேட்கின்றனர். வண்டிப்பெரியாற்றில் உள்ளோரும் கேட்கின்றனர். இருவர்க்கும் ஒரே விடை பொருந்தாது. ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை இவ்வினாவிற்கே ஒதுக்குகின்றோம்.

இது சிறிய செய்தி அன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்து போராடியதை நாடே கண்டது. அவ்வாறு பெறும் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கணிப்பொறிக்கு வைக்கும் தாய், அடுத்த ஆண்டே இன்னொன்று வாங்க முடியாது. ஒருமுறை வாங்குவது ஐந்தாறு ஆண்டுகளேனும் உழைத்தல் வேண்டும்.

முதலில் கருவியைப் பாராது வேலையைப் பார்ப்போம். கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கென 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமே 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. நம் பிள்ளைகள் பள்ளியில் பழகுவது விண்டோஸ் அன்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் ஆக்கித் தந்துள்ள ஜி.என்.யு. லினக்ஸ். அதில் லிப்ரே ஆபீஸ், படம் வரையும் கிம்ப், இங்க்ஸ்கேப், நிரல் எழுதும் பைதான் முதலியவற்றைக் கற்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேர்வில் இப்பாடத்திற்குக் கணினி முன் அமர்ந்து செய்து காட்டும் தேர்வும் உண்டு. எனவே, இவற்றை வீட்டில் பழக இடந்தரும் கருவியே மாணவர்க்கு உரிய கருவி.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு வகைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

தொலைபேசியும் தட்டைக் கணினியும் ஓரினம். 2020 ஜூன் முதல் நாள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது, அவற்றைக் கேட்கவும் பாடக் குறிப்புகளைப் பெறவும் தொலைபேசி பெருந்துணை செய்தது. ஆனால் கேட்பது வேறு, செய்வது வேறு. நான்கு பக்கக் கட்டுரையை அதில் தட்டெழுதிப் பார்த்தோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பள்ளி மென்பொருள்களை நேரே நிறுவிப் பழகவும் அவை இடந்தாரா. வெளியூரில் இருக்கும் மகனின் முகம் பார்த்துப் பேசவும், செய்தி படிக்கவும் மட்டுமே கருவி வேண்டும் முதியோர்க்குத் தட்டைக் கணினியே போதும். அவர்கள் அதற்குமேல் செலவிடுதல் வீண். குரோம்புக் என விற்கப்படும் மலிவான மடிக்கணினிகளும் பெரும்பாலும் இணையத்தை நம்பியே இயங்குவன. மேகம் கவிந்தால் அலைவரிசை மறையும் மலை ஊர்களில் அவற்றை வாங்குமுன் இருமுறை எண்ணுக.

மேசைக் கணினியின் சிறப்பு இரண்டு. ஒரே விலைக்கு மடிக்கணினியினும் மிகுந்த ஆற்றலைத் தருவது ஒன்று. பழுதுற்றால் பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ள இயல்வது மற்றொன்று. விசைப்பலகை கெட்டால் விசைப்பலகை. திரை கெட்டால் திரை. மடிக்கணினியில் திரை உடைந்தால் அதன் செலவு பாதி விலையைத் தொடுதலும் உண்டு. ஆனால் மேசைக் கணினிக்கு நிலையான இடம் வேண்டும். மின்சாரம் நின்றால் உடனே அணையாதிருக்க யு.பி.எஸ். வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து ஏறக்குறைய 150 வாட் இழுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் இயங்கினால் 0.6 யூனிட், இரண்டு திங்களுக்கு 36 யூனிட். 50 வாட் இழுக்கும் மடிக்கணினி அதே நேரத்திற்கு இரண்டு திங்களில் 12 யூனிட்டே கொள்ளும். நம் மின்வாரியத்தில் யூனிட் ஏற ஏற அதன் விலையும் படிப்படியாக ஏறுவது யாவரும் அறிந்ததே. அந்த 24 யூனிட் உங்கள் வீட்டை அடுத்த படிக்குத் தள்ளுமா என்பதைப் பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி இடத்தைப் பொறுத்த செய்தி. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்த வீடும் ஓர் அறை மூலையும் உடையவர்க்கு, இரண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பயில மேசைக் கணினியே நலம். கோடையில் பாலக்காட்டுக் கணவாயின் வெப்பம் கடுமையாதலின், அதைச் சுவரோடு ஒட்டி வையாது காற்றோட்டம் விட்டு வைத்தல் வேண்டும்.

மூணாறு, தேவிகுளம், பீருமேடு தோட்டங்களின் நிலை வேறு. லயத்தின் ஒற்றை அறையில் அடுப்பும் படுக்கையும் புத்தகப் பையும் அடுத்தடுத்து இருக்கையில் மேசைக்கு இடம் ஏது? மேலும், லயம் தோட்டத்திற்கு உரியது. பணி ஓய்வு பெற்றால் இறங்க வேண்டியது. எடுத்துச் செல்லத் தக்க பொருளே அங்கு ஏற்ற பொருள். அதனால் மலையில் வாழ்வோர்க்கு மடிக்கணினியையே நாம் பரிந்துரைக்கின்றோம். மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் அது தொடர்ந்து இயங்கும் என்பதும் ஒரு வசதி. மழைக்கால ஈரமும் அடுப்புப் புகையும் அதற்குப் பகை. தரையில் வையாது, வாரம் ஒருமுறையேனும் இயக்கி வருக. சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் மின்கம்பியையும் இணையக் கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. பழைய கட்டடங்களில் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு முன்னரே பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

வாங்கும்போது கடைக்காரர் அடுக்கும் பெயர்களைக் கேட்டு மயங்க வேண்டா. 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இவ்விரண்டும் இருந்தால் பள்ளிப் படிப்பிற்குப் போதும். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்கினும் பன்மடங்கு விரைவுடையது. ராமைப் பின்னர்க் கூட்ட இயலுமா எனக் கேட்டு வாங்குக; பல புதிய மடிக்கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

பழைய கணிப்பொறியைக் கோயம்புத்தூர்க் கடைகளில் வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஓடுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், அந்நிறுவனம் ஏற்ற செயலியும் வேண்டும். இவை இல்லாத கணினிகள் மலிவாக வருவதற்கு இதுவே காரணம். விண்டோஸ் கட்டாயம் வேண்டுவோர் அவற்றைத் தவிர்க்க. ஆயின், பள்ளிப் பாடத்திற்கு மட்டும் வேண்டுவோர் அஞ்ச வேண்டா. அத்தகைய கணினிகளுட் பலவற்றில் கைட் தரும் லினக்ஸ் செம்மையாக இயங்கும், அதற்கு விலையும் இல்லை. திரை, மின்கலம், விசைகள் மூன்றையும் கடையிலேயே அரை மணி நேரம் இயக்கிப் பார்த்து, எழுத்தில் உத்தரவாதம் பெற்ற பின்னரே பணம் கொடுக்க.

இறுதியாகத் தமிழ். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் தட்டெழுதப் பழகும் 'இன்ஸ்கிரிப்ட்' விசை அமைப்பு இந்திய மொழிகளுக்குப் பொதுவானது. மலையாளக் ககரத்திற்கு எந்த விசையோ, தமிழ்க் ககரத்திற்கும் அதே விசை. மொழியை மட்டும் மாற்றினால் அதே விரல்கள் தமிழ் எழுதும்! தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற 'தமிழ்99' அமைப்பை விரும்புவோர்க்கு அதுவும் விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கின்றது. வாங்கிய அன்றே இவற்றுள் ஒன்றை அமைத்துத் தரும்படி கேளுங்கள். தமிழில் ஒரு மடலேனும் எழுத அறியாத பிள்ளையின் கையில் எத்துணை விலையுயர்ந்த கணிப்பொறி இருந்தும் நம் மனம் நிறையாது.

தனியே வாங்க வசதியில்லாதார் சோர்வுற வேண்டா. ஒரே லயத்தின் மூன்று நான்கு குடும்பங்கள் கூடி ஒன்று வாங்கி, நேரம் வகுத்துப் பயன்படுத்தலாம். ஊர் வாசகசாலையில் ஒரு மேசைக் கணினி வைக்க முயலலாம். ஊர் கூடித் தேர் இழுக்கும் நமக்கு இது அரிதன்று.

உங்கள் வீட்டின் அளவு, பிள்ளைகளின் வகுப்பு, ஒதுக்கியுள்ள தொகை ஆகியவற்றைக் குறித்து எழுதுவோர்க்கு வரும் இதழ்களில் விடை தருவோம்.