ஆட்டு வைத்தியம் நாய்க்கு ஆகாது

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எங்கள் மாரியூர்ப் பக்கம் ஆட்டுக்கு வயிறு உப்பினால் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. மழைக்குப் பின் முளைத்த இளந்தழையை அளவுக்கு மீறி மேய்ந்திருக்கும் என்று நல்லெண்ணெய் புகட்டுவார்கள். கொஞ்சம் நடக்கவிட்டு, ஏப்பம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நானும் அதைக் குறை சொல்லமாட்டேன். அதே எண்ணெயை நாய்க்கும் புகட்டுகிறார்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

ஆட்டின் வயிற்றில் நுரை கட்டிக் காற்று அடைபடும். எண்ணெய் அந்த நுரையை உடைக்கும். நாய்க்கு நடப்பது வேறு. இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே திருகிக்கொள்ளும். மேலே உணவுக்குழாயும் கீழே குடல்வாயும் அடைபட்டுவிடுவதால் எதுவும் இறங்காது, எதுவும் ஏறாது. புகட்டுகிற எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வீங்கிய இரைப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்த, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும். சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

இது நெஞ்சுக்கூடு ஆழமாக இருக்கிற நாய்களைத்தான் அதிகம் தாக்குகிறது. வெளிநாட்டில் கிரேட் டேன் முதலிடம். நம் சிப்பிப்பாறை, கன்னி, 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் எல்லாமே அதே உடல்வாகுதான்.

எங்கள் கடற்கரையில் இன்னொரு குழப்பமும் உண்டு. பக்கத்துத் தெரு மீனவத் தம்பி ஒருநாள் ராத்திரி ஓடிவந்தார். "சார், நாய்க்கு முள்ளு சிக்கிக்கிட்டுது போல. ஒரு உருண்டை சோறு குடுத்தா இறங்கிடும்ல?" போய்ப் பார்த்தேன். சிப்பிப்பாறை கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரிக்கிறது; வெள்ளை நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. படுக்கிறது, எழுகிறது, தன் வயிற்றையே திரும்பிப் பார்க்கிறது. விலா எலும்புக்குப் பின்னால் சுண்டினால் மத்தளச் சத்தம். உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்திருக்கிறது. முள் சிக்கிய நாய்க்கு வயிறு உப்பாது. சோறு வேண்டாம் என்று தடுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றினோம். ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போகும் வழியிலேயே செத்துவிட்டது.

வராமல் தடுக்கப் பெரிய செலவில்லை. நம் ஊரில் காவல்நாயைப் பகலெல்லாம் காயப்போட்டு, ராத்திரி ஒரே வேளையாகச் சட்டி நிறையக் கஞ்சியும் மீன்தலையும் வைப்பது வழக்கம். அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். இரண்டு நாயை ஒரே சட்டியில் போட்டிபோட்டு விழுங்கவிடாதீர்கள், தனித்தனியே வையுங்கள். கோயில் கிடாவெட்டு முடிந்து மிஞ்சிய சோற்றைக் குவியலாகக் கொட்டாதீர்கள். வயிறு நிறைந்த நாயை உடனே ஓடவிடாதீர்கள். சாப்பாட்டுச் சட்டியை உயரத்தில் வைப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அதுவே ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவந்தது. தாயோ உடன்பிறந்ததோ இப்படிச் செத்திருந்தால் அந்த ஈற்றுக் குட்டியை வாங்குமுன் யோசியுங்கள். கருத்தடை அறுவை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும் முறையும் உண்டு. தைத்த இரைப்பை திருகுவது அபூர்வம்.

வந்தபின் ஒரே வழி, உடனே மருத்துவர். முதலில் குழாய் விட்டோ தடித்த ஊசி குத்தியோ காற்றை இறக்கவேண்டும், சிரை வழியாகத் திரவம் ஏற்றவேண்டும், பிறகுதான் அறுவை. நேரத்தோடு போனால் பிழைக்கிற நாய்களே அதிகம். ஊசி குத்துவதை வீட்டில் யாரும் முயலவேண்டாம்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. அதில் வைத்து அறுவை செய்ய முடியாது. காற்றை இறக்கி உயிரைப் பிடித்துவைக்க முடியும். அதற்கான குழாயும் பயிற்சியும் ஒவ்வொரு வண்டியிலும், சாயல்குடி, கடலாடி போன்ற ஊர் மருந்தகங்களிலும் இருக்கவேண்டும். மாவட்டத்தில் ஓர் இடத்திலாவது ராத்திரியிலும் நாய்க்கு அறுவை செய்ய ஆள் இருக்கவேண்டும். நாட்டு நாய்களைக் காப்போம் என்று கண்காட்சி நடத்துகிறோம். காக்கிற லட்சணம் இதில்தான் தெரியும்.

நாய் ஓங்கரித்து ஒன்றும் வராமல், வயிறும் உப்பியிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எண்ணெய்ப் புட்டியை வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.