தறியை விட்டுப் போனவரும், மில்லுக்கு வந்தவரும்!

ஆரணி என்றால் பட்டு, அதற்கடுத்து அரிசி. தறிக்கூலி கட்டுப்படியாகாமல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. ரைஸ் மில்லில் மூட்டை சுமக்க வடமாநிலங்களிலிருந்து வந்து இறங்குகிறவர்களும் உண்டு. முதலாமவர் ‘நம்ம பையன்’, இரண்டாமவர் ‘வடக்கத்தி ஆள்’. சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒன்றுதான்: மாநிலம் விட்டு மாநிலம் போன தொழிலாளி.

வேலையிடத்தில் அடிபட்டால் இருவர் வீட்டிலும் எழும் கேள்வியும் ஒன்றே. ‘செலவை யார் ஏற்பது?’

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால், ஈ.எஸ்.ஐ. அமலில் உள்ள பகுதிகளில் அதில் சேர்ப்பது முதலாளியின் கடமை. தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் சுமார் 113 ரூபாய்தான். ஒரு நாள் டீ, டிபன் செலவு! அதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கிறது.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் அடிபட்டால் இழப்பீடு கேட்கலாம். 1923-லிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. ‘அவர் காண்ட்ராக்டர் ஆளு, எனக்குச் சம்பந்தமில்லை’ என்று மில் உரிமையாளர் கை கழுவ முடியாது; அவரிடமே கேட்கலாம். ஆனால், 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வேலையிடத்தில் அடிபட்டது’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லச் சொல்லி மேஸ்திரி கெஞ்சினால் இணங்காதீர்கள். அந்த ஒரு வரியில் வழக்கே போய்விடும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளரும், தொழிலாளர் துறையின் சான்றோடு சேரலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993. ரேஷனுக்கும் வழி உண்டு. 2020 அக்டோபர் முதல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ தமிழ்நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது.

சரி, எங்கும் போகாமல் வீட்டுத் தறியிலேயே உட்கார்ந்திருப்பவர்? குழிக்குள் கால் தொங்க, முதுகு வளைத்து, நாள் முழுக்க ஜரிகை இழையையே உற்றுப்பார்ப்பவர். மாதச் சம்பளமோ முதலாளி என்று ஒருவரோ இல்லை என்பதால் ஈ.எஸ்.ஐ. வளையத்துக்கு வெளியேதான் இருக்கிறார். அவருக்கென்று கைத்தறி, பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். இடுப்புவலியோடும் மங்கும் கண்ணோடும் வேறு ஊருக்குப் பிழைக்கப் போவதற்கு முன், இந்தப் பதிவையாவது முடித்துவிடலாமே!

ஊரை விட்டுக் கிளம்புகிறவர் பையில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: இ-ஷ்ரம் அட்டையின் 12 இலக்க எண், ரேஷன் கார்டின் நகல், காண்ட்ராக்டரின் முழுப் பெயரும் முகவரியும். ‘மேஸ்திரி அண்ணன்’ என்று மட்டும் தெரிந்தால், ஆபத்து நேரத்தில் யார் மீது மனு போடுவது?

வீடு கட்டுகிறவர்கள், மில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியலை இன்றே எழுதி வையுங்கள். பெங்களூரில் நம் பையனுக்கு எது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதை ஆரணிக்கு வந்தவருக்கும் கொடுப்பதுதான் நியாயம்.