பீமனுக்கு எழுதிய வேஷம்



ஹாஸ்டலில் யாராவது டபிள்யூ.டபிள்யூ.இ. போட்டால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "டேய், எல்லாம் செட்டப்புடா!" என்னவோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி! அந்தக் கம்பெனியே 1989-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி சட்டசபையில், இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டாயிற்று. எதற்கு? விளையாட்டுக் கமிஷனின் கெடுபிடியிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கத்தான்.

நான் கொல்லிமலைக்காரன். எங்கள் பக்கம் கூத்தில் பீமன் துரியோதனன் தொடையைப் பிளக்கப் போகிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் கிழவிகள்கூட விடிய விடிய கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். "செட்டப்பு" என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. ஆகவே முடிவை முன்கூட்டியே எழுதி வைப்பது குற்றமே இல்லை. நம்ம ஆளுக்கு என்ன வேஷம் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

2023 செப்டம்பர் 8, ஹைதராபாத். 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டகிள்' என்ற ஸ்பெஷல் நிகழ்ச்சி. ஜான் சீனாவே வந்திருந்தார், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்காக குந்தரோடு மோதிய நம்ம ஏழடி ஷாங்கி தோற்றார். ஜிந்தர் மஹால், டுரூ மெக்கின்டயரிடம் தோற்றார். வீர் – சங்கா ஜோடியும் தோற்றது. இந்தச் சங்கா யார் தெரியுமா? 2013-ல் வந்த டி.வி. மகாபாரதத்தில் பீமனாக நடித்த சௌரவ் குர்ஜர்!

தோற்பது அவமானமா? இல்லவே இல்லை. எங்கள் வல்வில் ஓரி, காரியோடு பொருது உயிரையே விட்டான். மலையும் சேரன் கைக்குப் போயிற்று. ஆனால் ஆடி 17, 18-ல் விழா எடுப்பது ஜெயித்த காரிக்கா? ஓரிக்குத்தான்! யானையில் தொடங்கி உடும்பு வரைக்கும் ஒரே அம்பில் துளைத்தான் என்று அவனுக்கொரு கதை இருக்கிறது. ஷாங்கிக்கு என்ன கதை கொடுத்தார்கள்? 2022-ல் டான்ஸ் ஆட வைத்தார்கள். அப்புறம் மாசக்கணக்கில் ஆளையே காணோம். சொந்த நாட்டில் ஷோ என்றதும் உதை வாங்க மட்டும் கூப்பிட்டார்கள்.

"ஜிந்தரை 2017-ல் சாம்பியன் ஆக்கலையா?" என்பீர்கள். ஆக்கினார்கள், நானும் கைதட்டினேன். நவம்பரில் பெல்ட்டைப் பிடுங்கி, டிசம்பரில் டெல்லிக்குக் கூட்டி வந்து, நம்ம ஜனங்கள் முன்னாலேயே தோற்க வைத்தார்கள். ஜெயித்தது யார்? டிரிபிள் எச், கம்பெனியில் பெரிய அதிகாரி, முதலாளியின் மருமகன் வேறு! (சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்தில் நியாயம் கிடைத்த மாதிரிதான்.)

இதையெல்லாம் வெறும் டி.வி. சமாச்சாரம் என்று என்னால் தள்ள முடியவில்லை. மோதியவர்கள் நிஜ ஆட்கள். விழுவது நிஜ முதுகு. வேலை மட்டும் காண்ட்ராக்ட். டிப்ளமோ முடித்து கம்பெனி வாசலில் நிற்கப்போகிற நமக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

ஹைதராபாத் கைதட்டல் ஓய்ந்து இரண்டே வாரத்தில் ஷாங்கியின் சீட்டைக் கிழித்தார்கள். 2024 ஏப்ரலில் ஜிந்தருக்கும் வீருக்கும் அதே கதி. நம்ம பீமனுக்கும்தான்.

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்