ஆறு கம்பி கஷ்டமா? நாலு போதும்! குட்டி கிட்டாரை டெனர் கிட்டார் ஆக்கலாம்

பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த முக்கால் சைஸ் கிட்டார், பல வீடுகளில் இப்போது அலமாரி மேல் தூசி பிடித்துக் கிடக்கிறது. விலை சில ஆயிரம்தான். ஒரு மாதம் வாசித்ததும் விரல் வலி, கார்டு பிடித்தால் சலசலப்பு. கடைசியில் "நமக்கெல்லாம் மியூசிக் வராதுப்பா" என்று ஒரு தீர்ப்பு. தப்பு பெரும்பாலும் கருவியில் இருக்கும், பழி மட்டும் வாசித்தவர் மேல் விழும். அந்தக் கிட்டாரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இன்னொரு வழியையும் பார்த்துவிடலாம்: ஆறு கம்பியை நாலாகக் குறைத்து, அதை டெனர் கிட்டார் ஆக்குவது.

டெனர் கிட்டாரா, அப்படின்னா?

1920-களில் அமெரிக்க ஜாஸ், நடனக் குழுக்களில் டெனர் பாஞ்சோ என்ற நாலு கம்பிக் கருவிக்கு நல்ல மவுசு. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ரசனை கிட்டார் பக்கம் திரும்பியது. பாஞ்சோ வாசித்தவர்கள் திடீரென ஆறு கம்பியைப் புதிதாகக் கற்க வேண்டிய நிலை. அவர்களுக்காகவே கிப்சன், மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் நாலு கம்பி கிட்டாரைக் கொண்டுவந்தன. விரல் வைக்கும் முறை பாஞ்சோவுடையது, ஒலி கிட்டாருடையது. 1940-களில் டைனி கிரைம்ஸ், ஆர்ட் டேட்டமின் குழுவில் வாசித்தது நாலு கம்பி எலெக்ட்ரிக் டெனர்தான். கிங்ஸ்டன் ட்ரியோவின் நிக் ரெனால்ட்ஸ் கையிலும் டெனர்தான் இருந்தது.

கம்பி குறைவது மட்டும்தானா வித்தியாசம்?

இல்லை, சுருதி சேர்க்கும் முறையே வேறு. சாதாரண கிட்டாரில் அடுத்தடுத்த கம்பிகள் பெரும்பாலும் ச–ம இடைவெளியில் இருக்கும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அது மாறும், புதியவர்கள் குழம்புவதும் அங்கேதான். டெனரில் எல்லாக் கம்பிக்கும் இடையே ச–ப இடைவெளி. கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ. வயோலாவின் சுருதியும் இதுவே. சிம்பிளா சொன்னா, ஒரு ஜோடிக் கம்பியில் பழகிய விரல் அமைப்பை அப்படியே அடுத்த ஜோடிக்கு நகர்த்தலாம். மாண்டலின் வாசிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஏன் சின்ன கிட்டார்தான் வேணும்?

இங்கே கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. டெனரின் மேல் கம்பி 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் 'ஏ'. கிட்டாரின் மெல்லிய கம்பியைவிட ஐந்து அரைச்சுரம் அதிகம். ஒரு எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறுந்துபோகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் நீளம். தடிமனான கம்பி போட்டால் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தடிமன் கூடினால் தேவைப்படும் இழுவிசையும் சேர்ந்தே கூடிவிடும். முழு சைஸ் கிட்டாரில் கம்பியின் நீளம் சுமார் 25.5 அங்குலம். அதில் இந்த 'ஏ' வரை முறுக்கினால் 'டப்' என்று அறுந்துபோக வாய்ப்பு அதிகம். முக்கால் சைஸில் நீளம் ஏறக்குறைய 23 அங்குலம், டெனருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. கடையில் விலை போகாத குட்டி கிட்டார் இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்துவது இதனால்தான்.

எப்படி மாற்றுவது?

முதலில், அது எஃகுக் கம்பிக்கான கிட்டார்தானா என்று பாருங்கள். பிரிட்ஜில் கம்பியைப் பிடிக்கும் ஆறு பின்கள் இருந்தால் பெரும்பாலும் அதுதான். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி போடக் கூடாது.

அடுத்து 12-வது ஃப்ரெட் சோதனை. அந்த ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலியும், அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். ரொம்ப விலகினால் பிரிட்ஜோ ஃப்ரெட்டோ இடம் தவறியிருக்கலாம். அதை நாலு கம்பி போட்டுச் சரி செய்ய முடியாது.

இரண்டிலும் தேறியதா? ஆறு கம்பியையும் மெதுவாகத் தளர்த்திக் கழற்றுங்கள். புதுக் கம்பிகளை நடுவிலுள்ள நாலு இடங்களில் மட்டும் மாட்டுங்கள். சி-க்கு 0.032 அங்குலம், ஜி-க்கு 0.022, இரண்டும் சுற்றுக் கம்பி. டி-க்கு 0.014, ஏ-க்கு 0.010, இரண்டும் வெறும் எஃகு. டெனர் செட் கிடைக்காவிட்டால் தனித்தனிக் கம்பியாக வாங்கலாம். நட்டில் ஏற்கெனவே இருக்கும் வெட்டுகள் இவற்றைவிடச் சற்று அகலமாக இருக்கும் என்பதால் அரம் தேவையில்லை. கம்பி ஆடிச் சலசலத்தால், வெட்டுக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டை வைத்தால் போதும். சும்மா இருக்கும் இரண்டு முறுக்காணிகளை அப்படியே விட்டுவிடலாம்.

இழுவிசையும் நன்றாகக் குறையும். முழு சைஸ் கிட்டாரில் ஒரு லைட் செட் மொத்தமாக 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், இந்த நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோதான். மலிவு கிட்டாரில் பிரிட்ஜ் தூக்கிக்கொள்வதும் கழுத்து வளைவதும் வழக்கம் என்பதால் இது பெரிய நிம்மதி. ஆனால் இழுவை குறைந்ததும் கழுத்து பின்பக்கம் சாய்ந்து கம்பி ஃப்ரெட்டில் உரசலாம். உள்ளே ட்ரஸ் ராட் இருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பழக்கமில்லை என்றால் கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது.

இழப்பே இல்லையா?

இருக்கு. கிட்டாரின் அடி ஒலி போய்விடும். டெனரின் கீழ்க் கம்பி, கிட்டாரின் கீழ்க் கம்பியைவிட எட்டு அரைச்சுரம் மேலே நிற்கிறது. ச–ப இடைவெளி அகலம் என்பதால் விரல்களையும் கொஞ்சம் விரிக்க வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு அது சிரமம். அவர்களுக்கு டி, ஜி, பி, இ என்ற இன்னொரு டெனர் சுருதி இருக்கிறது. கிட்டாரின் மேல் நாலு கம்பிகளே அவை. தடிமனான இரண்டு கம்பிகளைக் கழற்றினால் போதும், செலவே இல்லை. இது நைலான் கிட்டாருக்கும் பொருந்தும். "அதுக்கு ஒரு யுகுலேலே வாங்கிடலாமே" என்று கேட்கலாம். வாங்கலாம்தான், ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி கிடக்கிறதே?

என் கருத்து இதுதான்: டெனர் ஆக்குங்கள், ஆனால் முதல் முயற்சியிலேயே கழுத்தைச் செதுக்குவது, பிரிட்ஜில் துளை போடுவது எல்லாம் வேண்டாம். மேலே சொன்ன எல்லாமே திரும்பப் பெறக்கூடிய மாற்றங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆறு கம்பி மாட்டிவிடலாம். பிடித்துப்போனால் அப்புறம் புது நட் வெட்டிக்கொள்ளலாம்.

கருவியை மனிதருக்கு ஏற்ப மாற்றுவது ஒன்றும் குற்றமல்ல. ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி கொண்ட மாண்டலினை ஒற்றைக் கம்பிகளுடன் எலெக்ட்ரிக் கருவியாக மாற்றித்தான் யு.சீனிவாஸ் கர்னாடக இசை மேடையில் அமர்ந்தார். அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். "எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை கிட்டாரைக் கீழே வைத்தால், அந்த முடிவை ஏற்கும் முன் கம்பியை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். ஆகப்போகும் செலவு நாலு கம்பியின் விலைதான்.